வள்ளி ஏன் ஓடவில்லை? – 'எதிர்நீச்சல்' பற்றி ஒரு தாமதமான குறிப்பு

போன மாதம் 'எதிர்நீச்சல்' படத்தை மூன்றாவது முறையாகப் பார்த்தேன். 2013-ல் தியேட்டரில் ஒரு தடவை, அப்புறம் ஏதோ ஒரு பொங்கலுக்கு டி.வி.யில் அரைகுறையாக ஒரு தடவை. இந்தத் தடவை நோட்டும் பேனாவும் கையில் வைத்துக்கொண்டு. காரணம் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. நாற்பத்திரண்டு வயதில் நான் ஓடப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

அண்ணா பிறந்தநாளையொட்டி மாவட்டம்தோறும் நெடுந்தூர ஓட்டம் நடத்துகிறார்களே, அதுதான் இலக்கு. இருபத்தைந்து வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கு 10 கிலோமீட்டர், பெண்களுக்கு 5. பத்தாவது இடம் வரைக்கும் பரிசு உண்டு. எனக்கு அந்தப் பக்கம் நினைப்பே இல்லை. கடைசி ஆளாக வந்தாலும் சரி, நடக்காமல் வண்டியில் ஏறாமல் வந்து சேர வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை 'எல்லைக்கோட்டில்' நிற்கிறது என்று டாக்டர் சொன்னதிலிருந்து ஆரம்பித்த விஷயம் இது. அம்மாவுக்கும் இதே எல்லைக்கோட்டில்தான் ஆரம்பித்தது. அப்புறம் அவர் காலில் புண் ஆறாமல் கிடந்த இரண்டு வருஷத்தை நான்தான் பார்த்தேன்.

ஓட ஆரம்பிப்பதற்கு முன்னால், புத்தகப் பழக்கம் உள்ளவள் செய்கிற காரியத்தைச் செய்தேன். ஓட்டம் பற்றித் தமிழில் என்ன இருக்கிறது என்று தேடினேன். கபடிக்குப் படம் இருக்கிறது, கிரிக்கெட்டுக்கு இருக்கிறது, குத்துச்சண்டைக்கு ஒன்றுக்கு மேல் இருக்கிறது. ஓட்டத்தில் விளையாட்டு வீரர் அல்லாத ஒரு சாதாரண ஆள், ஊரே கலந்துகொள்ளும் ஒரு ஓட்டத்துக்குத் தயாராகிற கதை என்றால் எனக்குத் தெரிந்து சட்டென்று கைக்கு வருவது 'எதிர்நீச்சல்' ஒன்றுதான். ஆர்.எஸ். துரை செந்தில்குமாரின் முதல் படம். தனுஷ் தயாரிப்பு, அனிருத் இசை, சிவகார்த்திகேயன், பிரியா ஆனந்த், நந்திதா. இத்தனை வருஷம் கழித்து இதற்கு விமர்சனம் எதற்கு என்று கேட்கலாம். படம் வந்தபோது நான் ஓடவில்லை, அதனால் எனக்கு அப்போது சொல்ல ஒன்றும் இல்லை.

கதை நினைவில்லாதவர்களுக்கு: நாயகன் பெயர் குஞ்சிதபாதம். அதைச் சுருக்கிக் கூப்பிட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வேலை இடம் வரை அந்தப் பெயரால் அவமானம். ஹரீஷ் என்று மாற்றிக்கொள்கிறான், காதல் வருகிறது, பழைய பெயர் வெளியே வருகிறது. பெயரை மாற்றினால் போதாது, பெயர் வாங்குகிற மாதிரி ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றுகிறது. சென்னை மாரத்தானில் ஓட முடிவெடுக்கிறான். பயிற்சி கொடுக்க வருகிறவர் வள்ளி. ஒரு காலத்தில் பதக்கம் வென்ற ஓட்டக்காரி. பாலினச் சோதனை என்ற பெயரில் எல்லாவற்றையும் இழந்தவர். நாயகன் ஓடுகிறான், ஜெயிக்கிறான்.

முதலில் ஒரு சின்ன விஷயம், ஆனால் எனக்கு இதுதான் படத்தின் பெரிய கோட்டைவிடல் என்று படுகிறது. குஞ்சிதபாதம் என்றால் தூக்கிய திருவடி. சிதம்பரத்து நடராசரின் அந்த வளைந்து உயர்ந்த இடது கால். ஓடுவது என்றால் என்ன? ஒரு காலைத் தூக்குவது, அது கீழே வருவதற்குள் இன்னொன்றைத் தூக்குவது. நடைக்கும் ஓட்டத்துக்கும் உள்ள வித்தியாசமே, ஓட்டத்தில் ஒவ்வொரு எட்டிலும் ஒரு கணம் இரண்டு காலும் தரையில் இல்லை என்பதுதான். ஓடப்போகிற ஒருவனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் தமிழில் கிடைக்காது. கதாசிரியர் கையில் தங்கம் வந்து விழுந்திருக்கிறது. படம் அதைக் கேலிக்கு மட்டும் வைத்துக்கொண்டு, உருப்பட வேண்டுமானால் ஹரீஷ் ஆகு என்கிற இடத்திலேயே நின்றுவிடுகிறது. பெயருக்கும் ஓட்டத்துக்கும் முடிச்சுப் போட்டிருந்தால் இரண்டாம் பாதி வேறு மாதிரி ஆகியிருக்கும்.

சரி, பயிற்சிக்கு வருவோம். நான் நோட்டு எடுத்து உட்கார்ந்ததே அதற்குத்தான்.

படத்தில் பயிற்சிக் காலம் சில நிமிடங்களில் ஓடி முடிந்துவிடுகிறது. வியர்வை, இசை, விடியற்காலை வெளிச்சம். சினிமா அப்படித்தான் செய்ய முடியும், மூன்று மாதத்தைத் திரையில் ஓட்ட முடியாது. என் புகார் வேகத்தைச் சுருக்கியதில் இல்லை, எதைச் சுருக்கினார்கள் என்பதில். புதிதாக ஓட வருகிறவருக்கு உண்மையில் நடக்கிற ஒரே விஷயம், அவர் ரொம்ப மெதுவாக இருக்கிறார் என்பது. படம் அதைத்தான் வெட்டி எறிந்திருக்கிறது.

நான் பின்பற்றுகிற திட்டம் 'கவுச் டு ஃபைவ் கே'. சோபாவிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்கு என்று அர்த்தம். (எங்கள் வீட்டில் சோபா கிடையாது, கயிற்றுக் கட்டில்தான்.) ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்க இளைஞர் 1996-ல் தன் அம்மாவை மனதில் வைத்து எழுதியது. ஒன்பது வாரம், வாரம் மூன்று நாள். முதல் வாரம் என்ன தெரியுமா? ஐந்து நிமிடம் வேகநடை, பிறகு அறுபது நொடி மெல்லோட்டம், தொண்ணூறு நொடி நடை, மாற்றி மாற்றி இருபது நிமிடம். அவ்வளவுதான். அறுபது நொடி! சிரித்துக்கொண்டே புதுக்குளத்துக் கரைக்குப் போனேன். மூன்றாவது அறுபது நொடியில் சிரிப்பு நின்றுவிட்டது.

இந்தத் திட்டத்தின் சூட்சுமம் அது எவ்வளவு ஓட வைக்கிறது என்பதில் இல்லை, எவ்வளவு ஓட விடாமல் தடுக்கிறது என்பதில் இருக்கிறது. மூச்சு சீக்கிரம் பழகிவிடும், மூன்று நான்கு வாரத்தில் 'நமக்கு முடியுது' என்ற திமிர் வந்துவிடும். எலும்பும் தசைநாணும் அப்படி இல்லை, அதற்கு மாதக்கணக்கு வேண்டும். மூச்சு கொடுக்கிற தைரியத்தில் கால் மாட்டிக்கொள்கிறது. புதிதாக ஓடுகிறவர்களில் நிறையப் பேர் முன்னங்கால் எலும்பு வலியோடு இரண்டாம் மாதமே நிறுத்துவதற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை, ஆர்வக் கோளாறு. நானே நான்காவது வாரம் ஒரு நாள் அதிகமாக ஓடிவிட்டு, ஒரு வாரம் மாடிப்படி இறங்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். 'எதிர்நீச்சல்' மாதிரிப் படங்கள் சொல்லிக்கொடுப்பது நேர் எதிர்ப்பாடம். வலித்தால் இன்னும் ஓடு, பல்லைக் கடி, விழு, எழு.

நடப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. ஓட்டத்துக்கு நடுவே நடந்தால் தோற்றுவிட்டோம் என்று நம் எல்லோருக்கும் ஒரு எண்ணம். சினிமாக்காரர்களை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. ஓட்டம் பற்றி எழுதியவர்களில் உலகத்திலேயே பெரிய பெயர் ஹருகி முரகாமி. 33 வயதில், 1982-ல் ஓட ஆரம்பித்தவர், அடுத்த வருஷமே கிரீஸில் ஏதென்ஸிலிருந்து மாரத்தான் ஊர் வரைக்கும் தனியாக வெயிலில் ஓடியவர். ஜெயிப்பதில் அவருக்கு அக்கறை இல்லை, அந்த நிதானம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் அவரும் தன் கல்லறையில், இந்த ஆள் கடைசிவரை நடக்கவில்லை என்று எழுத வேண்டும் என்கிறார். நடை ஏன் அவ்வளவு கேவலம்? 1972 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் கேலோவே, 1974-லிருந்தே புதியவர்களுக்கு ஓட்டமும் நடையும் கலந்துதான் சொல்லிக்கொடுத்தார். களைத்த பிறகு நடக்காதே, களைப்பதற்கு முன்னால் நட என்பது அவர் வழி. எங்கள் அப்பத்தா நாற்று நட்டுவிட்டு வரப்பில் ஐந்து நிமிடம் வெற்றிலை போட உட்காருவார். அதே கணக்குத்தான்.

அப்புறம் ஜெயிப்பது. மாரத்தான் என்பது 42.195 கிலோமீட்டர். (நம் ஊர்ப் பக்கம் 3 கிலோமீட்டர் ஓட்டத்துக்கும் 'மினி மாரத்தான்' என்று பேனர் வைத்துவிடுவார்கள், அது வேறு.) ஷிவ்நாத் சிங் 1978-ல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் ஓடிய தேசிய சாதனையை நாற்பது வருஷத்துக்கு மேல் இந்த நாட்டில் ஒருவரும் தொட முடியவில்லை. இவ்வளவு கஷ்டமான ஒன்றை, ஒரு பெயர்ப் பிரச்சினைக்காக ஓட வந்தவன் முதல் முயற்சியில் ஜெயித்துவிடுகிறான். கமர்ஷியல் படம்தானே, விடு என்று என் தம்பி சொன்னான். விடலாம். எனக்கு உறுத்துவது நம்பகத்தன்மை இல்லை. ஆயிரக்கணக்கானவர்கள் ஓடுகிற ஒரு தெருவில், ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஜெயிக்கப்போவதில்லை என்று தெரிந்தே ஓடுகிறார்கள். அந்த ஓட்டத்தின் ருசியே அதுதான். 2004 அக்டோபரில் லண்டனில் ஒரு பூங்காவில் பதின்மூன்று பேர் சேர்ந்து ஆரம்பித்த 'பார்க்ரன்' இன்று பல நாடுகளில் சனிக்கிழமைக் காலை வழக்கமாகியிருக்கிறது. கட்டணம் கிடையாது, பரிசு கிடையாது, கடைசி ஆளுக்குப் பின்னால் ஒரு தன்னார்வலர் நடந்து வருவார், யாரும் தான்தான் கடைசி என்று நினைக்கக் கூடாது என்பதற்காக. நம் படத்தின் கேமராவுக்கு அந்தக் கடைசி ஆளைப் பார்க்கத் தெரியவில்லை. மற்றவர்கள் எல்லாம் நாயகன் முந்திப்போவதற்காக நிறுத்தி வைக்கப்பட்ட கூட்டம்.

இதையெல்லாம் ஒரு சராசரிப் படத்தின் சராசரிக் குறை என்று விட்டிருப்பேன், வள்ளி இல்லாவிட்டால்.

வள்ளியின் கதையில் யாருடைய சாயல் என்று புதுக்கோட்டைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். சாந்தி சௌந்திரராஜன். நம் மாவட்டத்துக் கத்தக்குறிச்சி. அப்பா அம்மா செங்கல் சூளைத் தொழிலாளிகள். தலித் குடும்பம். 2005-ல் இஞ்சியோனில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி. 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் மறுபடி 800 மீட்டரில் வெள்ளி, 2 நிமிடம் 3.16 நொடி. அடுத்த சில நாட்களில் ஒரு சோதனை. பதக்கம் பறிக்கப்பட்டது. அவருடைய உடம்பைப் பற்றி உலகமே செய்தி வாசித்தது. அப்போதைய முதல்வர் கருணாநிதி 15 லட்சம் ரூபாயும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் கொடுத்தார். அது அந்த நேரத்தில் பெரிய காரியம், பதக்கம் போனாலும் பரிசு போகாது என்று ஓர் அரசு சொன்னது. 2007-ல் சாந்தி உயிரை விட முயன்று பிழைத்தார்.

அதற்கு அப்புறம் நடந்ததுதான் எனக்கு முக்கியம். அந்தப் பணத்தை வைத்து அவர் புதுக்கோட்டையில் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார். 2009 வாக்கில் அவரிடம் 68 பேர் படித்தார்கள். அவருடைய மாணவர்கள் சென்னை மாரத்தானில் முதல் இடமும் மூன்றாம் இடமும் பிடித்தார்கள். ஆமாம், அதே சென்னை மாரத்தான்.

படத்துக்கு நாலு வருஷம் முன்னாலேயே இது நடந்துவிட்டது. பதக்கம் பறிக்கப்பட்ட ஓட்டக்காரி, அவர் தயார் செய்த ஆள், சென்னை மாரத்தான், முதல் இடம். திரைக்கதை சேர்த்த புதுச்சரக்கு என்ன என்று பார்த்தால் ஒன்றுதான் தெரிகிறது. நிஜத்தில் மைதானத்தில் வரிசையாக நின்ற கிராமத்துப் பிள்ளைகளின் இடத்தில் படம் ஒரே ஒரு நகரத்து இளைஞனை வைத்தது. அவனுக்கு ஓட்டம் ஒரு காதல் பிரச்சினையின் தீர்வு. வள்ளியின் இழப்பு அவன் ஜெயிப்பதற்கு ஒரு கனம் கொடுக்கிறது. அவன் நாடாவைத் தொடும்போது நாம் அழ வேண்டுமென்றால், வெறும் பெயர்க் கேலி போதாது இல்லையா? அதற்கு ஒரு பெண்ணின் வாழ்க்கை தேவைப்பட்டிருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. படம் வள்ளிக்கு நடந்த அநியாயத்தை ஒரு கெட்ட மனிதரின் வேலையாக ஆக்கிவிடுகிறது. அவர் தோற்றால் கணக்குத் தீர்ந்தது. சாந்திக்கு நடந்தது அப்படி இல்லை, அதற்குப் பின்னால் நீண்ட காலமாக நடந்துவந்த ஒரு முறை இருக்கிறது. பெண்கள் எல்லோரையும் சோதிக்கும் வழக்கத்தை ஒலிம்பிக் 1968-ல் கொண்டுவந்தது, 1999-ல் கைவிட்டது. ஆனால் 'சந்தேகம்' வந்தால் சோதிக்கலாம் என்ற வாசல் திறந்தே இருந்தது. சந்தேகம் யார் மேல் வரும், யார் மேல் வராது என்று நான் எழுத வேண்டியதில்லை. ஸ்பெயினின் மரியா ஹோசே மார்ட்டினெஸ் பட்டினோ 1985-ல் சிக்கினார், போராடி 1988-ல் மீண்டார். ஒடிசாவின் துத்தி சந்த் 2014-ல் விலக்கப்பட்டார், சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனார், 2015 ஜூலையில் அந்த விதியையே நிறுத்திவைக்கச் செய்தார். இப்போது 2025 செப்டம்பரிலிருந்து உலகப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓட ஒரு முறை மரபணுச் சோதனை கட்டாயம் என்று உலகத் தடகள அமைப்பு ஆக்கியிருக்கிறது. அதாவது 1999-ல் மூடிய கதவு வேறு பூட்டோடு திரும்பி வந்திருக்கிறது. விஷயத்தில் வாதத்துக்கு இடம் உண்டு, பெண்கள் பிரிவு எதற்காக இருக்கிறது என்ற கேள்வி பொய்க்கேள்வி இல்லை. ஆனால் இதில் வில்லனைத் தேடினால் கிடைக்க மாட்டான். விதியைத்தான் பார்க்க வேண்டும். வில்லனைக் காட்டிவிட்டால் பார்ப்பவர் நிம்மதியாக எழுந்து போகலாம், அதனால்தான் சினிமா காட்டுகிறது. 2021-ல் வந்த 'ரஷ்மி ராக்கெட்' இந்திப் படம் (கதை நம்ம ஊர் நந்தா பெரியசாமியுடையது) இதே விஷயத்தை எடுத்து நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. விதியோடு மோதுவதில் அது ஒரு படி மேல். ஆனால் அங்கேயும் நாயகியைவிட வக்கீல்தான் அதிகம் பேசுகிறார்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். மூன்றாவது தடவை பார்த்தபோது எனக்குள் வந்த கேள்வி, படம் முடிந்து இரண்டு நாள் கழித்து, புதுக்குளத்துக் கரையில் ஆடிக்காற்று முகத்தில் அடித்துக்கொண்டிருந்தபோது வந்தது. வள்ளி ஏன் ஓடவில்லை?

சென்னை மாரத்தான் ஒலிம்பிக் இல்லை. அதில் டாக்டர் ஓடலாம், ஐ.டி. ஊழியர் ஓடலாம், எழுபது வயதுத் தாத்தா ஓடலாம், பெயரைப் பதிந்தால் நெஞ்சில் குத்திக்கொள்ள ஒரு எண் கொடுப்பார்கள். சோதனை கேட்பவர் யாரும் கிடையாது. ஊர் ஓட்டம் என்ற ஒன்று உலகத்தில் கண்டுபிடிக்கப்பட்டதே இதற்காகத்தான் என்று சொல்லலாம், தகுதிச் சுற்று இல்லாமல் யார் வேண்டுமானாலும் காலைத் தூக்கலாம் என்பதற்காக. எல்லா மைதானமும் மூடப்பட்ட ஒரு பெண்ணுக்குத் திறந்திருக்கிற ஒரே பாதை அது. படம் அந்தப் பாதையைக் கண்டுபிடித்திருக்கிறது, ஆனால் அவளை ஓரத்தில் நிறுத்திக் கைதட்ட வைத்துவிட்டது. அவள் ஜெயிக்க வேண்டாம். நாயகனோடு கூட்டத்தில் ஒருத்தியாக, ஐந்நூறாவது ஆளாக அவள் ஓடி வருவதை ஒரு ஷாட் காட்டியிருந்தால்கூட இந்தப் படத்தை நான் கொண்டாடியிருப்பேன். அதைக் காட்டத் தோன்றாததற்குக் காரணம், ஜெயிக்காத ஓட்டம் படத்தின் கண்ணில் ஓட்டமே இல்லை. புதிதாக ஓடுகிறவனின் அந்த மெதுவான முதல் மாதத்தை வெட்டியதும், வள்ளியை ஓரத்தில் நிறுத்தியதும் ஒரே குருட்டுத்தனம்தான்.

ஒரு நியாயம் செய்துவிடுகிறேன். நந்திதா அந்தப் பாத்திரத்தில் நன்றாகவே இருக்கிறார். அதிகம் பேசாத, நிமிர்ந்து நிற்கிற ஒரு பெண். 2013-ல், இந்த விஷயத்தைப் பெரும்பாலோர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த காலத்தில், ஒரு சிவகார்த்திகேயன் படத்தில் பாலினச் சோதனை அநியாயம் என்று சொல்லி, குடும்பத்தோடு வந்தவர்களைக் கேட்க வைத்தது சாதாரணம் இல்லை. என் சித்தப்பா, சாந்தி பற்றிப் பேப்பரில் வந்தபோது நான் திரும்பச் சொல்ல விரும்பாத ஒரு வார்த்தையைச் சொன்னவர், அந்தப் படம் பார்த்துவிட்டு வந்து "அந்தப் புள்ளைக்கு இப்படி ஆகியிருக்கக் கூடாதுத்தா" என்றார். அதற்காகப் படத்துக்கு என் கும்பிடு. ஆனால் படம் வருவதற்கு முந்தின வருஷம், 2012-ல், அதே சாந்தி செங்கல் சூளையில் ஒரு நாளைக்கு 200 ரூபாய் கூலிக்கு வேலை செய்துகொண்டிருந்தார் என்ற செய்தி நாட்டையே உலுக்கியது. அதன் பிறகுதான் முறையான பயிற்சியாளர் படிப்பு, பிற்பாடு அரசு வேலை எல்லாம் வந்தன. படத்தில் கணக்குத் தீர்ந்த இடத்துக்கும் வெளியே தீராத இடத்துக்கும் உள்ள தூரம் இது.

நான் ஏன் இவ்வளவு உணர்ச்சிவசப்படுகிறேன் என்றால், இந்த ஊரில் ஒரு பெண் ஓடுவது என்ன என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. முதல் நாள் காலை ஐந்தே காலுக்கு நான் தெருமுனையைத் தாண்டவில்லை, எதிர்வீட்டு அத்தை கோலப்பொடிக் கிண்ணத்தோடு எழுந்து நின்று, "என்னத்தா, யாருக்கு என்ன ஆச்சு?" என்று கத்தினார். பதறிப்போய்விட்டார் பாவம். நாற்பது வயதுப் பொம்பளை விடியக்காலம் ஓடினால் யாரோ ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். வேறு காரணம் எங்கள் தெருவின் அகராதியில் இல்லை. தமிழிலேயே பாருங்களேன், பெண்ணோடு சேர்ந்தால் 'ஓடு' என்ற வினைக்கு என்ன ஆகிறது என்று. 'ஓடிப்போயிட்டா' என்றால் ஒரே பொருள்தான். ஓடுகாலி என்பது திட்டு. ஓடுகிற கால் உடையவள் என்பதைத் தவிர அந்தச் சொல்லுக்குள் வேறு ஒரு குற்றமும் இல்லை, சொல்லைப் பிரித்துப் பார்த்தால்.

இரண்டாம் வாரம் பைக்கில் போன இரண்டு பையன்கள் 'எதிர்நீச்சல்' தலைப்புப் பாட்டை வாயாலேயே இசையோடு பாடிக்கொண்டு பின்னால் வந்தார்கள். கேலிதான். எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. ஓடுகிற ஆளைப் பார்த்தால் அவர்களுக்கு நினைவுக்கு வர அந்த ஒரு பாட்டுத்தானே இருக்கிறது? மூன்றாம் வாரம் அவர்களே "அக்கா, இன்னைக்கு லேட்டு" என்றார்கள். நாய்கள்தான் இன்னும் பழகவில்லை. தைலமரக் காட்டுப் பக்கம் போகிற ரோட்டில் ஓடினால் மண் மெத்தென்று முழங்காலுக்கு நல்லது, ஆனால் தனியாகப் போக வேண்டாம் என்று வீட்டில் தடை. எனவே கரை, மறுபடி கரை, ஒரே வட்டம்.

செருப்புக் கடையில் ஷூ வாங்கப் போனபோது கடைக்காரர் "பாப்பாவுக்கா?" என்று கேட்டார். எனக்கு என்றேன். "நடக்கவா?" என்றார். ஓட என்றேன். அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு, ஒரு சைஸ் பெரிதாக எடுத்துக்கொள்ளச் சொன்னார், ஓடும்போது கால் வீங்கும், பெருவிரல் முட்டினால் நகம் கறுத்துப்போகும் என்று. இந்த மூன்று மாதத்தில் எனக்குக் கிடைத்த ஆகச் சிறந்த பயிற்சிக் குறிப்பு அதுதான். அவர் மகள் பள்ளியில் 800 மீட்டர் ஓடுகிறாளாம். எந்தப் பள்ளி, யாரிடம் பயிற்சி என்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, சில்லறை வாங்க மறந்து வந்துவிட்டேன்.

இப்போது ஐந்தாவது வாரம். தெரிந்தவர்களுக்குத் தெரியும், இந்தத் திட்டத்தில் எல்லோரும் பயப்படுகிற நாள் ஐந்தாவது வாரத்தின் மூன்றாவது நாள். அதுவரை ஓட்டமும் நடையுமாக வந்தவரைத் திடீரென்று இருபது நிமிடம் நிற்காமல் ஓடு என்கிறது. எனக்கு அது வருகிற வியாழன். செவ்வாய்க்கிழமை எட்டு நிமிடம் ஓடி, ஐந்து நிமிடம் நடந்து, மறுபடி எட்டு நிமிடம் ஓடினேன். இரண்டாவது எட்டு நிமிடத்தின் முடிவில் கரையில் இருந்த கல்லில் உட்கார்ந்துவிட்டேன். வியாழக்கிழமை கூட வருகிறேன் என்று எதிர்வீட்டு அத்தை சொல்லியிருக்கிறார். அவர் ஓடப்போவதில்லை, கரையில் உட்கார்ந்து நேரம் பார்க்கப்போகிறார். "நீ எப்ப விழுவேன்னு பாக்கத்தான்" என்கிறார். வரட்டும். திரும்பி வரும்போது டீ அவர் செலவு என்று பேச்சு.